ஆப்பிரிக்காவில் பார்த்த தேர்தல்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் இருந்தால் எழுதுங்கள்

பழைய நைரோபி:
நானே ஆரம்பிக்கிறேன். 2017 ஆகஸ்ட், கென்யாவில் அதிபர் தேர்தல். நைரோபி பார்க்லண்ட்ஸில் குடியிருந்தோம். எங்கள் கேட்டில் ராத்திரி டியூட்டி பார்த்த அஸ்காரி இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஓட்டுப் போட ஊருக்குப் போனார், கிசுமு பக்கம். திரும்பி வந்ததும் போனை நீட்டி ஒரு போட்டோ காட்டினார். பேரன் பேத்தி போட்டோவாக இருக்கும் என்று பார்த்தால், பள்ளிக்கூடக் கதவில் ஒட்டிய 34ஏ படிவம். அந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று கையால் எழுதி, ஏஜெண்டுகள் கையெழுத்துப் போட்டது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்டிப் பெயரை வாசிக்க வாசிக்க, இவர் ஜன்னலுக்கு வெளியே நின்று நள்ளிரவு தாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தாராம். "உங்கள் ஊரில் எண்ணும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?" என்று கேட்டார். டிவி முன்னால் என்றேன். ஜோக் என்று நினைத்துத்தான் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. அன்று மாலை அதே போட்டோவை மறுபடி கொண்டுவந்து காட்டினார். ஆனால் அக்டோபர் 26 மறுதேர்தலுக்கு லீவே கேட்கவில்லை, எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்கா புறக்கணித்துவிட்டார் இல்லையா. அப்போதைய அதிபர் கென்யாட்டா 98 சதவீதம் வாங்கினார். அன்று ராத்திரி இவர் கேட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் உள்ளே போய்விட்டேன்.

லிலாங்வே கணக்கன்:
கென்யாவைச் சொல்லும்போது எல்லோரும் அந்த ரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கோர்ட் ரத்து செய்து, மறுபடி ஓட்டுப் போட்டு, ஆட்சியும் மாறியது மலாவியில்தான். 2019 மே தேர்தலில் அதிபராக இருந்த முத்தாரிக்காவுக்கு 38 சதவீதம் சொச்சம், எதிர்க்கட்சி சக்வேராவுக்கு 35 சொச்சம் என்று அறிவித்தார்கள். எண்ணிக்கைத் தாள்களில் வெள்ளை மை தடவித் திருத்தியிருந்தது வெளியே வந்ததும் டிப்பெக்ஸ் தேர்தல் என்றே பெயர் வந்துவிட்டது, உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

தீர்ப்பு வந்தது 2020 பிப்ரவரி 3. ஐந்து நீதிபதிகளும் குண்டு துளைக்காத சட்டை போட்டு, ராணுவப் பாதுகாப்போடு கோர்ட்டுக்கு வந்தார்கள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ரேடியோவை வைத்தோம். ஏறக்குறைய பத்து மணி நேரம் வாசித்தார்கள். சட்ட இங்கிலீஷ் எனக்கே பாதி புரியவில்லை, ஆனால் எங்கள் லோடு ஆட்கள் சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு பையன் உள்ளூர் மொழியான சிச்சேவாவில் சொல்லச் சொல்ல, ஒருவர்கூட எழுந்து போகாமல் கேட்டார்கள். நடுவில் ஒரு பெரியவர் என் மேஜைக்கு வந்தார். லெட்ஜர் பக்கத்தில் இருந்த டிப்பெக்ஸ் பாட்டிலை எடுத்துப் பார்த்து, "இது உங்களுக்கு எதற்கு?" என்றார். கோபமெல்லாம் இல்லை, சும்மா கேட்டார். 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், வாயில் பதில் வரவில்லை. இப்போதெல்லாம் தப்பு வந்தால் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஜூன் 23 மறுதேர்தலில் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கினார்.

ஆடி அமாவாசை:
கணக்கரே, மிச்சத்தையும் சொல்லுங்கள். அதே முத்தாரிக்கா 2025 செப்டம்பரில் ஜெயித்து வந்து உட்கார்ந்துவிட்டார். பத்து மணி நேரத் தீர்ப்பு என்ன ஆயிற்று?

லிலாங்வே கணக்கன்:
ஓட்டு வாங்கித்தானே வந்தார்? உரம், மக்காச்சோள விலை எல்லாம் எகிறி, டீசலுக்கு வரிசையில் நின்ற ஜனம் ஆளை மாற்றியது. சக்வேராவும் தோல்வியை ஒப்புக்கொண்டு போனார். தீர்ப்பு கேட்டது ஒழுங்காக எண்ணச் சொல்லித்தான், இன்னாரை ஜெயிக்க வைக்கச் சொல்லி அல்ல.

கம்பாலா மாமா:
நம் கதை சின்னது. 2021 ஜனவரி 14 உகாண்டா தேர்தல், அதிபர் முசெவேனிக்கும் எதிர்க்கட்சி பாபி வைனுக்கும் போட்டி. முந்தின நாள் மாலையே இன்டர்நெட்டை நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள், 18-ம் தேதிதான் திரும்ப வந்தது. "போடா போடா" என்கிற பைக் டாக்சிக்காரருக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை, அவர் "பரவாயில்லை, முடிவு தெரிந்ததும் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

புதிதாக அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே கையில் ரொக்கம் எடுத்து வைத்துவிடுங்கள், போன் பணத்தை நம்பாதீர்கள். அரிசி, பருப்பு, கேஸ், குடிதண்ணீர் பத்து நாளைக்கு இருக்கட்டும். மஞ்சள் சட்டை போட்டால் ஆளுங்கட்சி, சிவப்பு போட்டால் பாபி வைன் ஆள், அதனால் சாம்பல் நிறம் போடுங்கள். சிவப்பு பெரெட் தொப்பி வேண்டவே வேண்டாம், 2019-லேயே அதை ராணுவ உடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வரிசையைப் போட்டோ எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல் இரண்டு, ஒன்று வீட்டில் ஒன்று பையில். டாக்சியில் அரசியல் பேசாதீர்கள், டிரைவரே ஆரம்பித்தாலும் மழையைப் பற்றிப் பேசுங்கள். வீட்டுக்காரரின் நம்பரை காகிதத்தில் எழுதி வையுங்கள்.

உப்புக்காற்று:
மாமா, ஓட்டைப் பற்றிக் கேட்டால் மளிகை லிஸ்ட் கொடுக்கிறீர்களே.

நான் காம்பியாவில், செரகுண்டாவில் துணிக்கடை வைத்திருந்தேன். அங்கே சீட்டு கிடையாது, கோலிக்குண்டுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் பீப்பாய், மேலே குழாய். அதில் குண்டைப் போட்டால் உள்ளே மணியில் பட்டு டிங் என்று ஒரு சத்தம். இரண்டு தடவை கேட்டால் அதிகாரி பிடித்துவிடுவார். சைக்கிள் மணி குழப்பும் என்று சாவடிப் பக்கம் சைக்கிளே வரக்கூடாது. 2016 டிசம்பர் 1 அன்று நான் எதிர்த் தெருவில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். கடையில் வேலை பார்த்த பெண் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னாள்: "பச்சைப் பீப்பாய்க்கும் மற்றதுக்கும் மணி ஒரே சத்தம்தான். அதனால்தான் தைரியமாகப் போட்டேன்." பச்சை அப்போதைய அதிபர் ஜாமேயின் நிறம். 1994-லிருந்து அவர்தான், அவள் பிறந்ததிலிருந்து வேறு ஆளையே பார்த்ததில்லை.

ஜாமே மறுநாள் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரத்தில் முடியாது என்றார். ஜனவரியில் ஜனம் கூட்டம் கூட்டமாக செனகலுக்குக் கிளம்பியது. அவளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது வழியில் தொலைந்துவிடும் என்று வாக்காளர் அட்டையை என் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள். தேர்தலில் ஜெயித்த பாரோ, செனகல் தலைநகர் டாகாரில் இருந்த காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார், 21-ம் தேதி ஜாமே நாட்டைவிட்டே போனார், எல்லாம் சரியானது. ஆனால் அதற்குள் நான் கடையை விற்றுவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். அட்டை இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

டர்பன் பக்கம்:
என்னுடையது பார்த்தது இல்லை, கேட்டது. சாட்ஸ்வொர்த்தில் எனக்கு அறை வாடகைக்கு விட்ட பாட்டி சொன்னது. 1984-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று தனி அவை என்று தேர்தல் வைத்தபோது, ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக் கதவைச் சாத்தி அனுப்பியவர். அந்தத் தேர்தலில் பெரும்பாலானவர்கள் போகவே இல்லை. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் 1994-ல், அப்போது வாக்காளர் பட்டியலே கிடையாது, அடையாளம் இருந்தால் எங்கேயும் போடலாம். அதனால் வேலைக்குப் போன வீட்டுப் பக்கத்துச் சாவடிக்கே போனாராம். வரிசையில் நேர் முன்னால் அந்த வீட்டு வெள்ளைக்கார அம்மா. "முழங்கால் வலிக்குமே, நீ எனக்கு முன்னால் போ" என்றார்களாம். பாட்டி மாட்டேன் என்றுவிட்டார். "அவ குடுத்து நான் ஏன் வாங்கணும்? என் இடத்துல நான் நின்னேன்." ஆறு மணி நேரம். யாருக்குப் போட்டார் என்று கேட்டேன், சொல்லவில்லை. அந்தப் பகுதி இந்தியர்களில் நிறையப் பேர் நிறவெறி ஆட்சி நடத்திய பழைய நேஷனல் கட்சிக்கே போட்டார்கள் என்பது தெரிந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

கம்பாலா மாமா:
உப்புக்காற்று, அந்த அட்டையைத் தபாலில் எல்லாம் அனுப்பாதீர்கள், வீண் செலவு. 2021 தேர்தலுக்கு அங்கே எல்லோரையும் புதிதாகப் பதிந்து புது அட்டை கொடுத்துவிட்டார்கள். பழையது செல்லாது.

உப்புக்காற்று:
தெரியும் மாமா.