அப்டேட் வந்தாலே பிரிண்டர் 11பி எரர், கழற்றினாலும் திரும்ப வருகிறது

பள்ளத்தூரான்

வணக்கம். பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டில் பலகாரம் போட்டு விற்கும் ஆச்சி ஒருவரிடம் கணக்கு, பில், கூரியர் எல்லாம் பார்க்கிறேன். முகப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. ஒரு சாதாரண லேசர் பிரிண்டர் அதில் யுஎஸ்பி வழியாக மாட்டி ஷேர் செய்யப்பட்டிருக்கிறது. ரெண்டாம் கட்டில் எடை போட்டுப் பெட்டி கட்டும் இடத்தில் இன்னொரு கம்ப்யூட்டர், அது விண்டோஸ் 7. எடை மெஷினோடு பேசுகிற சாஃப்ட்வேர் அதில் மட்டும்தான் ஓடுகிறது, மாற்ற வழியில்லை. அங்கே எடை ஏற்றினால் முகப்பில் பில் வரவேண்டும், இத்தனை வருஷமாக வந்தது.

இந்த 2021 செப்டம்பர் நடுவில் முகப்புக் கம்ப்யூட்டருக்கு ஒரு அப்டேட் வந்தது. மறுநாளிலிருந்து ரெண்டாம் கட்டில் "விண்டோஸ் கேனாட் கனெக்ட் டு தி பிரிண்டர், ஆப்பரேஷன் ஃபெயில்டு வித் எரர் 0எக்ஸ்0000011பி" என்று வருகிறது. தெரிந்த தம்பி ஒருவர் வந்து அந்த அப்டேட்டைக் கழற்றிவிட்டார், சரியாகிவிட்டது. இப்போது ஆயுத பூஜைக்கு முந்தின நாள், புதன்கிழமை காலையில், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அதே எரர். நவம்பர் 4 தீபாவளி. மணகோலமும் சீப்புச் சீடையும் தேன்குழலும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, நான் பென்டிரைவில் பில்லைப் போட்டுக்கொண்டு வளவு முற்றத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறேன். நிரந்தரமாக என்ன செய்வது?

கோட்டையூர்வாசி

எதற்கு இத்தனை பாடு, வைஃபை உள்ள பிரிண்டர் ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள். அதுவரை அப்டேட்டை நிறுத்தி வையுங்கள்.

பள்ளத்தூரான்

அண்ணே, நம்ம ஊர் வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? முகப்பில் இருக்கும் வைஃபை வளவு தாண்டுவதற்குள் செத்துவிடுகிறது. இப்போது இருக்கும் ஒரே ஒரு லேன் கேபிளே தாழ்வாரத்து மரத்தை ஒட்டி இழுத்ததுதான். புதிதாகச் சுவரில் ஒரு துளை போடவேண்டும் என்றால் வெளியூரில் இருக்கும் பங்காளி வீட்டுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

ஸ்பூலர் சுப்பு

அப்டேட்டைக் கழற்றுவதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. அது திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 மாத அப்டேட் என்பது முந்தின மாதங்களில் வந்ததையெல்லாம் சேர்த்து ஒரே மூட்டையாக வருவது. நீங்கள் செப்டம்பரில் கழற்றியது கேபி5005565 என்ற எண்ணுள்ள அப்டேட்டாக இருக்கும், அதில் இருந்த மாற்றம் அப்படியே அக்டோபர் மூட்டைக்குள்ளும் இருக்கிறது. நவம்பரிலும் இருக்கும். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் காலையில் வெளியிடுகிறார்கள், நமக்கு அது செவ்வாய் ராத்திரி. அதனால்தான் உங்களுக்குப் புதன்கிழமை விடிந்ததும் தெரிகிறது. அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் 'பாஸ்' பட்டனை அழுத்தினாலும் 35 நாளுக்கு மேல் அது கேட்காது.

மாற்றம் என்னவென்றால், ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றின் பிரிண்டரைக் கூப்பிடும்போது நடக்கும் பேச்சு முன்பெல்லாம் அஞ்சலட்டை மாதிரி போனது, இப்போது ஒட்டிய கவரில்தான் போகவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இடையில் ஒருவன் புகுந்து வேறொருவரின் லாகினைத் தன்னுடையதுபோல் ஸ்பூலரிடம் (பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பகுதி) காட்டி உள்ளே வரலாம் என்ற ஓட்டைக்காக, சிவிஇ-2021-1678 என்பது அதன் எண். இதற்கான அப்டேட் 2021 ஜனவரி 12 அன்றே வந்துவிட்டது, ஆனால் அப்போது கட்டாயமில்லை. செப்டம்பர் 14 அப்டேட்டில்தான் கட்டாயமாக்கினார்கள். ஆக ரெண்டு பக்கமும் ஜனவரிக்குப் பிந்தைய அப்டேட் இருந்தால் சண்டையே இல்லை. உங்கள் முகப்பில் இருக்கிறது. ரெண்டாம் கட்டில் இல்லை, விண்டோஸ் 7க்கு இலவச அப்டேட் 2020 ஜனவரி 14ஓடு முடிந்துபோனது. கோளாறு எரர் காட்டுகிற கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டதில் இருக்கிறது, பிரிண்டரிலோ கேபிளிலோ இல்லை.

புதுவயல்காரன்

இவ்வளவு பெரிய கதை வேண்டாம். எங்கள் அரிசி மில் ஆபீசில் இதே 11பி வந்தது, ரெண்டு நிமிஷ வேலை. பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் திறந்து, லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பிரிண்ட் என்று உள்ளே போய், ஆர்பிசி ஆத்தென் லெவல் பிரைவசி எனேபிள்ட் என்ற பெயரில் 32 பிட் டிவேர்ட் (எண் வகைப் பதிவு) ஒன்று போட்டு மதிப்பு 0 கொடுங்கள். ஸ்பூலரை நிறுத்தித் துவக்குங்கள். அவ்வளவுதான். எல்லாம் அந்த பிரிண்ட் நைட்மேர் என்ற ஸ்பூலர் ஓட்டை வந்ததிலிருந்து பிடித்த சனி.

ஸ்பூலர் சுப்பு

புதுவயல் அண்ணன் சொன்னது வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை ஒரு எழுத்தும் மாறாமல் போடவேண்டும் என்பதால் மைக்ரோசாஃப்டின் கேபி4599464 பக்கத்திலிருந்து காப்பி செய்வது நல்லது. ஆனால் பிரிண்ட் நைட்மேர் வேறு, இது வேறு. அது ஜூலையில் வெளியான சிவிஇ-2021-34527. ரெண்டுமே ஸ்பூலரில் என்பதால் எல்லாரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

0 போடுவதில் எனக்கு இருக்கும் தயக்கம் இதுதான். பணக் கணக்கு, வாடிக்கையாளர் முகவரி எல்லாம் இருக்கிற முகப்புக் கம்ப்யூட்டரில், அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிடுகிறோம். யாரும் நுழையாத சின்ன ஆபீஸ் என்றால் சரி, போகட்டும் என்று விடலாம். நம்ம பக்கத்து வீடுகளில் ஒரு விசேஷம் என்றால் நாலு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கி, முதல் வேலையாக வைஃபை பாஸ்வேர்ட் கேட்பார்கள். யார் லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ! அதனால் பழைய கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் கையை வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பேன். முடியும்.

ரெண்டாம் கட்டில் இருக்கும் பழைய பிரிண்டர் கனெக்ஷனை அழித்துவிடுங்கள். பிறகு டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் போய் 'ஆட் எ பிரிண்டர்' கொடுத்து, நெட்வொர்க் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்காமல் 'லோக்கல் பிரிண்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முக்கியமே இதுதான். 'கிரியேட் எ நியூ போர்ட்' என்பதில் வகை 'லோக்கல் போர்ட்'. போர்ட் பெயர் கேட்கும், அங்கே ரெண்டு பேக்ஸ்லாஷ், முகப்புக் கம்ப்யூட்டரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், பிரிண்டரின் ஷேர் பெயர். ஐபி எண் போடாதீர்கள், கரன்ட் போய் வந்தால் ரவுட்டர் எண்ணை மாற்றிக் கொடுத்துவிடும், அப்புறம் மறுபடி ஓடுவீர்கள். ஷேர் பெயரில் இடைவெளி இருந்தால் எடுத்துவிட்டுச் சின்னதாக வையுங்கள். டிரைவர் ஏற்கெனவே அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பட்டியலில் அதையே காட்டிவிடலாம். இப்படிப் போட்டால் பிரிண்ட் வேலை ஃபைல் ஷேரிங் வழியில் போகும், அந்தக் கட்டாயம் இருக்கும் வழியைத் தொடாது.

'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால் முதலில் எக்ஸ்ப்ளோரரில் முகப்புக் கம்ப்யூட்டரைத் திறந்து, யூசர் பெயர் பாஸ்வேர்ட் கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லுங்கள். முகப்பில் பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு என்றால் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. இதற்கென்றே பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கண்டனூர் மீனா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் கடையில் ரெண்டுமே விண்டோஸ் 10தான், 11பி வரவில்லை. ஆனால் ஆகஸ்டிலிருந்து பிரிண்ட் கொடுக்கப் போனால் "டிரைவர் நிறுவ அட்மின் பாஸ்வேர்ட் கொடு" என்று கேட்கிறது. வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க எனக்கு மனசில்லை. இதுவும் அதே சங்கதியா அண்ணா?

ஸ்பூலர் சுப்பு

இல்லைம்மா, கொடுக்கவும் வேண்டாம். அது ஆகஸ்ட் 10 அப்டேட் கொண்டுவந்தது. நெட்வொர்க் பிரிண்டரின் டிரைவரைப் போடவோ புதுப்பிக்கவோ அட்மின் உரிமை வேண்டும் என்று ஆக்கினார்கள், நீங்கள் கேட்கும் இது பிரிண்ட் நைட்மேர் குடும்பம்தான். ரெண்டு கம்ப்யூட்டரிலும் டிரைவர் பதிப்பு வேறுவேறாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதுப்பிக்கப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் நீங்களே அட்மினாக உட்கார்ந்து ரெண்டிலும் ஒரே பதிப்பு டிரைவரைப் போட்டுவிடுங்கள்.

பள்ளத்தூரான்

சுப்பு அண்ணே, லோக்கல் போர்ட் போட்டாயிற்று, வேலை செய்கிறது. நீங்கள் சொன்ன மாதிரியே முதலில் ஆக்சஸ் டினைட் வந்தது, முகப்பில் ஆச்சி பாஸ்வேர்டே வைக்காமல் இருந்தார். தனிக் கணக்கு போட்டதும் சோதனைப் பக்கம் வந்துவிட்டது. அக்டோபர் அப்டேட்டைக் கழற்றவே இல்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். பேப்பர் தீர்ந்தாலும் ரெண்டாம் கட்டில் 'ரெடி' என்றே காட்டுகிறது. இது சரிதானா?

ஸ்பூலர் சுப்பு

இந்த வழியில் அப்படித்தான் இருக்கும். பழைய கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் போர்ட்டில் தள்ளிவிட்டோம் என்பது மட்டும்தான், பிரிண்டரின் நிலை அதற்குத் திரும்பி வராது. பேப்பரை முகப்பில் இருக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்று, அந்த விண்டோஸ் 7க்கு எடை போடுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்றால் ரவுட்டரில் அதற்கு மட்டும் இன்டர்நெட்டை அடைத்துவிடுங்கள், லேன் இருந்தால் போதும்.

புதுவயல்காரன்

சரி, மில்லிலும் நாளைக்கு 0வை எடுத்துவிட்டு இதைப் போட்டுப் பார்க்கிறேன். பள்ளத்தூர் தம்பி, மணகோலம் கிலோ என்ன விலை?