டெபியனில் 4ஜி டாங்கிள் சிடி டிரைவாக மட்டும் தெரிகிறது

ஏலக்காய்க்கடை:
வணக்கம். குமுளியில் ஏலக்காய் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு நான்கு நாளாகிறது. பழைய 4ஜி டாங்கிளைச் செருகினால் விளக்கு மின்னுகிறது, ஆனால் திரையில் ஒரு சிடி டிரைவ்தான் திறக்கிறது, உள்ளே விண்டோஸ் செட்டப் ஃபைல்கள். மோடத்தைத் தேடும் எம்எம்சிஎல்ஐ கட்டளையைக் கொடுத்தால் மோடமே இல்லை என்கிறது. யூஎஸ்பியில் செருகியதைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் எண் 12டி1:1எஃப்01. புற்றடி, போடி இரண்டு ஏலத்தின் விலையையும் தினமும் பார்த்து முதலாளிக்குச் சொல்ல வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்.

கம்பம்மெட்டு:
தம்பி, டாங்கிள் நன்றாகத்தான் இருக்கிறது. விண்டோஸ்காரர்கள் டிரைவர் தேடி அலையக்கூடாது என்று இந்த வகை முதலில் சிடி டிரைவாக எழுந்து செட்டப்பை நீட்டும், அப்புறம் 'மாறு' என்று ஒரு கட்டளை வந்தால்தான் மோடமாகும். லினக்ஸில் அதை அனுப்புவது யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள். சிக்கனமாக இன்ஸ்டால் செய்திருந்தால் அது வந்திருக்காது. செல்போனைக் கேபிளில் இணைத்து டெதரிங் (போன் நெட்டைக் கணினிக்குக் கொடுப்பது) போட்டு, அதையும் அதன் டேட்டா பேக்கேஜையும் இறக்குங்கள். டாங்கிளைப் பிடுங்கி மறுபடி செருகினால் எண் 12டி1:14டிசி என்று மாற வேண்டும். மாறிவிட்டால் எம்எம்சிஎல்ஐ பக்கமே போகாதீர்கள், இது ஹைலிங்க் வகை, தானே ஒரு குட்டி ரவுட்டர், கணினிக்கு நெட்வொர்க் கார்டாகத்தான் தெரியும். பிரௌசரில் 192.168.8.1 திறந்து, உங்கள் சிம்முக்கான ஏபிஎன் (சிம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் பெயர்) சரியா என்று பாருங்கள்.

ஏலக்காய்க்கடை:
மாறிவிட்டது அண்ணே, 14டிசி! நெட்டும் வந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. கணினியின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று வரிசையாக நிற்கிறது.

லோயர்கேம்ப்:
அந்த வரி வந்தால் டவரைவிட முதலில் கரண்டைச் சந்தேகப்படுங்கள். சிக்னல் மங்கின இடத்தில் மோடம் டவரை எட்டுவதற்குக் கூடுதல் கரண்ட் இழுக்கும், யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர்தான். எனக்கும் இதே தொல்லை, தனி கரண்ட் அடாப்டர் வைத்த யூஎஸ்பி ஹப் வாங்கி ஜன்னலோரம் வைத்தபின் நின்றது. இன்னொன்று, எல்லையில் தமிழ்நாட்டு டவரும் கேரள டவரும் மாறி மாறிப் பிடிக்கும். அதிலும் நெட் அறும், ஆனால் டிமெசேஜில் இந்த வரி வராது, 192.168.8.1 பக்கத்தில் நெட்வொர்க் மாறுவதுதான் தெரியும். அப்படியானால் நெட்வொர்க் தேர்வில் ஆட்டோவை எடுத்துவிட்டு மேனுவலில் வலுவானதைப் பிடித்து வையுங்கள்.

ஏலக்காய்க்கடை:
ஹப் மாட்டி இரண்டு மணி நேரமாகிறது, ஒருமுறைகூட அறவில்லை. புற்றடி விலை முதலாளிக்குப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே.