அமெரிக்கர்களின் மதப் பன்மையை நம்ம டெல்டாவோடு ஒப்பிட எந்தப் புள்ளிவிவரம், எந்தக் கேள்வி?

குடந்தை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை சமூகவியல் ஆய்வேட்டுக்கு அமெரிக்காவின் மதப் பன்மையையும் அதன் சமூகத் தாக்கத்தையும் எடுத்திருக்கிறேன். பின்பாதியில் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் 200 வீடுகளில் கேட்டு ஒப்பிட வேண்டும். அமெரிக்க எண்களை எங்கிருந்து எடுப்பது? பன்மையை ஒரே எண்ணில் சொல்ல முடியுமா? பல மதம் கலந்த ஊரில் மதப்பற்று கூடுமா, குறையுமா என்பதை எப்படிச் சோதிப்பது? அமெரிக்க வினாத்தாளையே தமிழாக்கி இங்கே கேட்டால் போதும் என்கிறார்கள். அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகர்:
முதலில் எண்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதே இல்லை. மதத்தைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1976இல் சட்டமே வந்துவிட்டது. அதனால் அங்கே எல்லாமே மாதிரி ஆய்வுகள்தான். உங்களுக்கு மூன்று போதும்.

அமெரிக்கக் கருத்தாய்வு நிறுவனமான பியூ ஆய்வு மையத்தின் சமய நிலவர ஆய்வு 2007, 2014, 2023–24 என மூன்று முறை நடந்தது. ஒவ்வொன்றிலும் 35,000 பேருக்கு மேல். கிறிஸ்தவர் 78, 71, 62 விழுக்காடு என இறங்கினார்கள். எந்த மதமும் இல்லை என்றவர்கள் 16, 23, 29 என ஏறினார்கள். யூதர், முஸ்லிம், பௌத்தர், இந்து உட்பட மற்ற மதத்தவர் கடைசிச் சுற்றில் சுமார் 7. நீண்ட காலப் போக்குக்கு 1972 முதல் நடக்கும் பொதுச் சமூக ஆய்வைப் பாருங்கள், தரவு இலவசம். கவுன்டி (நம்ம மாவட்டம் போன்றது) வாரியாக வேண்டுமானால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் சமயக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆனால் அது சபைகளே தங்கள் உறுப்பினர்களை எண்ணித் தரும் கணக்கு. எந்தச் சபையிலும் சேராதவர் அதில் வரவே மாட்டார். அதையும் பியூ எண்ணையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

இன்னொரு பொறி. 2007, 2014 பேட்டிகள் தொலைபேசியில் நடந்தவை. 2023–24இல் பெரும்பாலோர் இணையத்திலோ தாளிலோ தாங்களே நிரப்பினார்கள். எதிரே ஆள் கேட்கும்போது "வாரா வாரம் போகிறேன்" என்று கூட்டிச் சொல்வது மனித இயல்பு. 1993இல் வந்த ஓர் ஆய்வு ஒஹாயோவின் ஒரு கவுன்டியில் தேவாலயத்துக்கு வந்த தலைகளை எண்ணிப் பார்த்தது. போவதாகச் சொன்ன புராட்டஸ்டண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் உண்மையில் வந்திருந்தார்கள். ஆகவே வருகை பற்றிய எண்களை மூன்று சுற்றுக்கும் ஒரே கோட்டில் வரையக் கூடாது.

நம்ம பக்கத்துக்கு 2011 கணக்கெடுப்பின் சி-1 அட்டவணை, அதாவது மதவாரி மக்கள்தொகை. அப்போது மயிலாடுதுறை தனி மாவட்டம் இல்லை. மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி என இப்போது அந்த மாவட்டத்தில் அடங்கும் வட்டங்களைப் பழைய நாகை மாவட்டத்திலிருந்து எடுத்துத் தனியே கூட்டிக்கொள்ளுங்கள்.

அரசலாற்றங்கரை:
பன்மைக் குறியீடு எளிது. ஒவ்வொரு பிரிவின் பங்கையும் பின்னமாக்கி, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, ஒன்றிலிருந்து கழியுங்கள். எல்லோரும் ஒரே பிரிவு என்றால் விடை 0. கலப்பு கூடக் கூட 1ஐ நெருங்கும்.

ஆனால் பிரிவை எங்கே வெட்டுகிறீர்களோ அதுதான் விடையை முடிவு செய்யும். கிறிஸ்தவர் 0.62, மதமற்றோர் 0.29, மற்றவர் 0.07 என்று மூன்றாக வைத்தால் குறியீடு 0.53. அதே கிறிஸ்தவரை இவாஞ்சலிக்கல் (நற்செய்திப் பரப்பலை வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட்) 23, மெயின்லைன் (பழைய மரபுச் சபைகளின்) புராட்டஸ்டண்ட் 11, கறுப்பினப் புராட்டஸ்டண்ட் 5, கத்தோலிக்கர் 19, பிறர் 3 என்று பிரித்தால் 0.81. நாடும் மக்களும் அதேதான், எண் மட்டும் மாறிவிட்டது. தமிழ்நாட்டின் 2011 எண்களுக்கு (இந்து 87.58, கிறிஸ்தவர் 6.12, முஸ்லிம் 5.86) 0.23 வரும். அமெரிக்காவின் 0.81ஐ இந்த 0.23க்குப் பக்கத்தில் வைத்து "பார்த்தீர்களா வேறுபாட்டை" என்று எழுதினால் அது தவறான ஒப்பீடு. இந்து என்ற ஒரே பெட்டிக்குள் நாம் எதையும் பிரிக்கவில்லையே. இரண்டு நாட்டையும் மத அளவிலேயே வெட்டுங்கள். அப்போதும் 0.53க்குப் பெரும் காரணம் மதமற்றோர்தான் என்பதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மதப்பற்று கூடுமா, குறையுமா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு இந்தக் குறியீட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். 1988இல் சமூகவியலாளர்கள் ஃபிங்க், ஸ்டார்க் இருவரும் 1906ஆம் ஆண்டின் அமெரிக்க நகரக் கணக்குகளை வைத்து, பன்மை கூடினால் பங்கேற்பு கூடும் என்றார்கள். எதிர்மாறாகக் கண்டவர்களும் உண்டு. சண்டை பல ஆண்டு நடந்தது. 2002இல் வோஸ், ஓல்சன், குரோக்கெட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சிக்கலின் வேரைக் காட்டினார்கள். பங்கேற்பு என்பது சபைகளின் அளவுகளைக் கூட்டிய தொகை. பன்மைக் குறியீடும் அதே அளவுகளிலிருந்துதான் பிறக்கிறது. இரண்டும் ஒரே எண்களின் பிள்ளைகள் என்பதால் எந்தச் சமூகக் காரணமும் இல்லாமலே தொடர்பு தோன்றும். ஊருக்கு ஊர் பெரிய சபையின் அளவு அதிகம் மாறினால் தொடர்பு எதிர்மறையாகவும், சின்னச் சபைகள் அதிகம் மாறினால் நேர்மறையாகவும் வரும். தேர்வாளர் இதைத் தெரிந்தவராக இருந்தால் அந்த அத்தியாயம் முழுக்க அடிபட்டுப்போகும்.

நாகூர்க் கரை:
எண்களைச் சொல்லிவிட்டார்கள். தாக்கம் எந்த வழியாக நடக்கிறது என்பதைக் கவனிக்காவிட்டால் ஒப்பீடு நிற்காது.

அமெரிக்காவில் அரசு மதம் கிடையாது. 1791இன் அரசியலமைப்பு முதல் திருத்தம் மத்திய அரசை அப்படி ஒன்றை நிறுவவிடாமல் தடுத்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் மட்டும் 1833 வரை சபைகளுக்கு வரி ஆதரவு தந்து, பிறகு அதையும் விட்டது. நம்ம அறநிலையத்துறை போல ஒன்று அங்கே இல்லை. ஆகவே ஒவ்வொரு சபையும் உறுப்பினர் தரும் காணிக்கையில்தான் பிழைக்க வேண்டும். 1977இல் குடமுழுக்கு கண்ட நியூயார்க் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில்கூட அறங்காவலர் குழு, வார இறுதி வகுப்பு, உணவுக்கூடம் என்று அதே அச்சில்தான் இயங்குகிறது. ஒருவர் ஒரு சபையைச் சேர்ந்தவர், இன்னொன்றைச் சேர்ந்தவர் அல்ல. கலப்பு நடப்பது வழிபாட்டிடத்துக்கு வெளியே, வீட்டிலும் நட்பிலும். 1960க்கு முன் மணமானவர்களில் 19 விழுக்காட்டினருக்குத்தான் வேறு சமயப் பிரிவுத் துணை. 2010க்குப் பின் மணமானவர்களில் 39. வயது வந்தோரில் 35 விழுக்காடு பிறந்த சமயத்தை விட்டு மாறியவர்கள்.

டெல்டாவில் நேர் எதிர். திருமணம் சாதிக்குள்ளேயே நிற்கிறது. கலப்பு நடப்பது சன்னிதியில். நாகூர் தர்காவின் பெரிய மனோராவை (கோபுரத்தை)க் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கந்தூரிக்கு வருபவர்களிலும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களிலும் இந்துக்கள் ஏராளம். "உங்கள் மதம் எது, வாரம் எத்தனை முறை போகிறீர்கள்" என்ற அமெரிக்கக் கேள்வி இவர்களைப் பிடிக்கவே பிடிக்காது. "கடந்த ஓராண்டில் எந்தெந்தக் கோயில், தர்கா, மாதா கோயிலுக்குப் போனீர்கள், என்ன நேர்த்திக்கடன்" என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை களத்துக்குப் போகாதீர்கள். வேளாங்கண்ணித் திருவிழா நேரத்தில் எண்கள் வீங்கிவிடும்.

மதத்தைப் பதிவு செய்வதிலும் கவனம் வேண்டும். பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டுமே. கிறிஸ்தவர் என்று எழுதினால் அந்த உரிமை போய்விடும் என்பதால் சான்றிதழில் ஒன்றும் வழிபாட்டில் ஒன்றுமாக வாழ்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மதத்தைச் சொல்வதற்கு இப்படி ஒரு விலை இல்லை. பெயர், முகவரி எழுதாமல், பதிவையும் வழிபாட்டையும் தனித்தனிக் கேள்வியாக வையுங்கள்.

குடந்தை மாணவி:
மிக்க நன்றி. பிற மதத்தார் மேல் உள்ள எண்ணத்தை 0 (வெறுப்பு) முதல் 100 (நல்லெண்ணம்) வரை மதிப்பெண் கேட்கும் "வெப்பமானி" வைத்து அளக்கிறார்களே, அதை இங்கே கேட்கலாமா?

நாகூர்க் கரை:
அமெரிக்காவில் அது வேலை செய்கிறது. பியூவின் 2017 ஆய்வில் யூதர் 67, கத்தோலிக்கர் 66, இந்து 58, நாத்திகர் 50, முஸ்லிம் 48. அந்தப் பிரிவில் ஒருவரையாவது நேரில் தெரிந்தவர்கள் கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். நல்லெண்ணம் உள்ளவர்தானே நண்பரைத் தேடுவார் என்ற ஐயம் எழும். அதற்காகத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் புட்னம், கேம்பல் குழு 2006இல் கேட்டவர்களையே 2007இலும் கேட்டது. இடையில் புதிய நட்பு கிடைத்தவர்களுக்கு எண்ணமும் இளகியிருந்தது.

இங்கே வாசலில் நின்று கேட்டால் பலர் மரியாதைக்கு 100 சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில் செயலைக் கேளுங்கள்: வீடு வாடகைக்கு விடுவீர்களா, அவர்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா, வயல் குத்தகைக்குத் தருவீர்களா, பெண் கொடுப்பீர்களா. ஒவ்வொன்றையும் மதத்துக்கு ஒருமுறை, சாதிக்கு ஒருமுறை தனியாகக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சாதிக்கான "மாட்டேன்" மதக் கணக்கில் ஏறிவிடும்.

அரசலாற்றங்கரை:
200 வீட்டைத் தெரிந்தவர் வழியாகப் பொறுக்காதீர்கள். வாக்காளர் பட்டியலில் குலுக்கல் முறையில் எடுங்கள். வெறும் குலுக்கலில் முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகள் சில மட்டுமே வரும், ஒப்பிடப் போதாது. நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பகுதிகளில் கூடுதலாக எடுத்து, கணக்கிடும்போது எடை கொடுத்து, அதாவது ஒவ்வொரு பிரிவும் உண்மையான பங்குக்கே எண்ணப்படும்படி, சரிசெய்யுங்கள். பியூவும் சிறு பிரிவுகளுக்கு எடை போட்டுத்தான் எண்களை வெளியிடுகிறது.