பெயர் ஒன்று, சரக்கு வேறு: கிராபிக்ஸ் கார்டு வாங்கிய கதைகள் (இணைய மன்ற உரையாடல்; தலைப்பாக இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்)

கருப்பு கேபினெட்

சித்தி பையன் காலேஜ் சேர்ந்திருக்கிறான். பி.சி. கட்டித் தரச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிப்பு. மற்றதெல்லாம் முடிவாகிவிட்டது, கிராபிக்ஸ் கார்டில்தான் இழுபறி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்றால் அதில் 8 ஜிபி மெமரியோடு ஒன்று, 16 ஜிபியோடு ஒன்று. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்றால் அதிலும் அதே 8, அதே 16. "ரெண்டும் ஒரே கார்டுதானே அண்ணா, எதுக்கு எக்ஸ்ட்ரா காசு?" என்கிறான். "ஒரே கார்டுதானே" என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிறு கலங்கும்.

2018 கடைசியில் அப்பா ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கார்டு வாங்கி வரச் சொல்லித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: ஜிடி 1030, 2 ஜிபி, ஜிடிடிஆர்5. கடைசி வார்த்தை மெமரி வகை, அதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார், இது இப்பப் புதுசா வந்தது" என்று டிடிஆர்4 பெட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். விலையும் முந்நூறு ரூபாய் குறைவு. அப்பாவுக்கு ஒரே பெருமை. ராத்திரி பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"புதுசா வந்தது" என்பதில் பொய் இல்லை. ஜிடிடிஆர்5 கார்டு 2017-இல் வந்தது, டிடிஆர்4 கார்டு 2018-இல். ஆனால் முதலாவதில் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 16.8. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. "ரெண்டும் ஒண்ணுதான்" என்றதுதான் பொய். நண்பன் வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பம் புரட்டுவதுபோல ஒவ்வொரு படமாக வந்தது. அப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று, "நல்லா ஓடுதா?" என்றார். "சூப்பரா ஓடுதுப்பா" என்றேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். பையனுக்கு 8-ஆ 16-ஆ என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மூணரை ஜிபி

என் பெயரைப் பார்த்ததுமே பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். ஜிடிஎக்ஸ் 970 வைத்திருந்தவன். துபாயிலிருந்து வந்த மாமா 2015 பொங்கலுக்குக் கொண்டுவந்தார். பெட்டி வாசனை போவதற்குள் அந்தப் பஞ்சாயத்து வெடித்தது.

புதியவர்களுக்காக: 2014 செப்டம்பரில் 329 டாலருக்கு வந்த கார்டு. 4 ஜிபி மெமரி என்று போட்டிருந்தது, 4 ஜிபி இருக்கவும் செய்தது. ஆனால் 3.5 ஜிபி ஒரு பகுதி, அரை ஜிபி தனிப் பகுதி. பெரிய பகுதி நொடிக்கு 196 ஜிபி வேகம், அந்த அரை ஜிபி வெறும் 28. இதைத் தோண்டியபோது இன்னொன்றும் வெளியே வந்தது. விமர்சகர்களுக்குக் கொடுத்த பட்டியலில் ஆர்ஓபி (படத்தின் புள்ளிகளைக் கடைசியாக வரைந்து முடிக்கும் பகுதி) 64, எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி) 2 எம்பி. உண்மையில் 56-உம் 1.75-உம். மார்க்கெட்டிங் ஆட்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் நடுவே தகவல் சரியாகப் போகவில்லை என்றது என்விடியா. நான்கு மாதமாகவா போகவில்லை என்று அப்போதே எல்லோரும் கேட்டார்கள். 2016-இல் வழக்கு சமரசத்துக்கு வந்து கார்டுக்கு 30 டாலர் என்று முடிவானது, அதுவும் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும்.

இவ்வளவும் தெரிந்தும் அந்தக் கார்டைத் திட்ட எனக்கு மனசு வராது. 1080பி மானிட்டரில் ஐந்து வருடம் ஓடியது. நான் ஆடிய கேம்களில் அந்த அரை ஜிபி தொல்லை கொடுத்ததாக ஒரு நாள்கூட உணர்ந்ததில்லை. விமர்சனங்களில் வந்த எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு), உண்மை வெளியான பிறகு ஒன்றுகூடக் குறையவில்லையே? காசு கொடுத்தது அந்த எஃப்பிஎஸ்ஸுக்குத்தான். உள்ளே 64 இருந்தால் என்ன, 56 இருந்தால் என்ன? கம்பெனி யோக்கியமா என்பது வேறு கேள்வி, கார்டு காசுக்குத் தகுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கருப்பு கேபினெட்

ப்ரோ, நீங்கள் விமர்சனம் படித்து வாங்கினீர்கள். என் அப்பா பெட்டியைப் படித்து வாங்கினார்.

லோ செட்டிங்ஸ்

கம்பெனி சொல்கிற பொய்யைவிடப் பெரிய பொய் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ என்று ஒன்று வாங்கினேன், ஒரு மழைக்காலத்தில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து. விற்றவர் லேப்டாப்பெல்லாம் கொண்டுவரவில்லை. போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் காட்டினார், 1050 டிஐ, 4 ஜிபி என்று பளிச்சென்று இருந்தது. 4,500 ரூபாய். டீயும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் வந்து மாட்டினேன். டிவைஸ் மேனேஜரில் பெயர் சரியாகவே வந்தது. புது டிரைவர் போட்டதும் திரை கருப்பு. பழையதைப் போட்டால் வருகிறது, கேமைத் திறந்தால் போய்விடுகிறது. மூன்று நாள் விண்டோஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் கேபிளை மாற்றக் குனிந்தபோதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது: நீல நிறத்தில் ஒரு விஜிஏ போர்ட். 1050 டிஐ தலைமுறையில் விஜிஏ மாதிரி அனலாக் அவுட்புட்டே கிடையாது. அந்த நீலம் அங்கே இருக்கவே முடியாது.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் புதிய பதிப்பை இறக்கி ஓடவிட்டேன். பெயருக்கு முன்னால் கட்டம் போட்டு 'ஃபேக்' என்று வந்தது. 2018-இலிருந்து அந்த மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது, எனக்குத்தான் தெரியாமல் போனது. ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் சிப் மேல் ஜிஎஃப்116 என்று இருந்தது. 2011-இல் வந்த 550 டிஐ சிப். கார்டின் பயாஸை (அதன் பெயரைக் கணினிக்குச் சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி எழுதி, ஐந்து வருடம் கழித்து வந்த கார்டின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை.

மூணரை ஜிபி அண்ணன் சொல்வதுபோல எஃப்பிஎஸ்ஸை மட்டும் பார்க்கலாம்தான். ஆனால் டீக்கடையில் எப்படிப் பார்ப்பது? அங்கே நம்மிடம் இருப்பது பெயர் மட்டும்தானே. இப்போதெல்லாம் பழைய கார்டு என்றால், விற்பவர் வீட்டில் மாட்டி ஓட்டிக் காட்டினால்தான் பேச்சே. போகும்போது பென்டிரைவில் ஜிபியு-இசட் எடுத்துப் போகிறேன்.

ஃபேன் சத்தம்

கேபினெட் ப்ரோ, உங்கள் சித்தி பையன் சொல்வது இந்த முறை பாதி சரி. 5060 டிஐ இரண்டிலும் சிப்பும் மெமரி வேகமும் ஒன்றே, 9060 எக்ஸ்டியிலும் அப்படித்தான். 1030 கதை இல்லை இது. மெமரி நிரம்பும்வரை இரண்டும் ஒரே கார்டு, நிரம்பிய பிறகு வேறு கார்டு.

என்னிடம் இருப்பது ஒரு 8 ஜிபி கார்டு. எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்தில் வைத்து ஒரு ஓபன் வேர்ல்டு கேம் ஆடினால் முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் தெரியாது. அப்புறம் ஊருக்குள் நுழைந்தால் சுவரெல்லாம் களிமண் பூசியதுபோல வழவழவென்று நிற்கும். நாம் கடந்துபோன பிறகுதான் செங்கல் வரும். எஃப்பிஎஸ் மீட்டர் என்னவோ 70 காட்டிக்கொண்டே இருக்கும், நடுநடுவே ஒரு திக்கல். சராசரி எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது, மூணரை ஜிபி சார்.

இன்னொன்றைக் கவனியுங்கள். மெமரி நிரம்பினால் மிச்சம், கார்டை போர்டில் மாட்டும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகத்தான் வந்துபோக வேண்டும். அதில் 5060 டிஐ பயன்படுத்துவது 8 லேன் (தரவு போகும் பாதை), 9060 எக்ஸ்டி 16 லேன். புது போர்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. பி450 மாதிரி பழைய, வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 போர்டு என்றால் 8 ஜிபியோடு 8 லேனும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

2025-இல் வெளியானபோது டாலர் விலையில் 5060 டிஐ 8 ஜிபி 379, 16 ஜிபி 429. 9060 எக்ஸ்டி அதேபோல 299, 349. இரண்டிலும் 50 டாலர்தான் வித்தியாசம். அமெரிக்க விலையில் வரி சேராது, இங்கே 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதன் மேல் கடைக்காரர் மனசு. 2025 ஏப்ரலில் 5060 டிஐ வந்த அன்று கிடைத்த விமர்சனங்கள் பெரும்பாலும் 16 ஜிபி கார்டை வைத்து எழுதியவை. விமர்சகர்களுக்கு 8 ஜிபி போகவில்லை. பொய் சொல்லவில்லை, காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஏஎம்டி ரசிகர்கள் உடனே கொடி பிடிக்க வேண்டாம். 2017-இல் ஆர்எக்ஸ் 560 என்ற ஒரே பெயரில் 1024 ஷேடர் (கணக்குப் போடும் கோர்) கார்டும் 896 ஷேடர் கார்டும் கடையில் இருந்தன.

பெயரின் விலை என்னவென்று தெரிய வேண்டுமானால் ஆர்டிஎக்ஸ் 4080 12 ஜிபி கதையைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 899 டாலர் என்று என்விடியா அறிவித்தது. அதே பெயரில் 16 ஜிபி கார்டில் 9728 கோர், இதில் 7680. மெமரி மட்டுமல்ல, சிப்பே வேறு. ஊரே கத்தியதும் அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள். ஜனவரியில் 4070 டிஐ என்று வந்தது, 799 டாலருக்கு. அதே சிப், அதே 12 ஜிபி. பெயர்ப்பலகையை மாற்றியதும் நூறு டாலர் குறைந்துவிட்டது.

மூணரை ஜிபி

களிமண் சுவர் விஷயம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். 970-இல் நான் டெக்ஸ்சரை எப்போதும் மீடியத்தில்தான் வைத்திருந்தேன், அதனால்கூட எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

ஆனாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. 2025 ஜனவரியில் என்விடியா ஆட்கள் மேடையிலேயே 549 டாலர் 5070-இல் முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090 செயல்திறன் என்று சொன்னார்கள். ஒரு நிஜ ஃப்ரேமுக்கு மூன்று ஃப்ரேம்வரை கார்டே வரைந்து நடுவில் செருகும் கணக்கு அது. மவுஸை அசைத்தால் பதில் சொல்வது அந்த ஒரு நிஜ ஃப்ரேம்தான். இதற்கெல்லாம் கோபப்பட்டால் பிபி மாத்திரை வாங்கத்தான் காசு வேண்டும்.

கருப்பு கேபினெட்

எல்லோருக்கும் நன்றி. பையனுக்கு எடுத்திருப்பது பழைய பி450 போர்டுதான், அந்த லேன் கணக்கு முடிவைச் சுலபமாக்கிவிட்டது. நேற்று போய் 9060 எக்ஸ்டி 16 ஜிபி எடுத்தோம். இந்த முறை சீட்டு இல்லை, நானே போனேன். கவுண்டரில் இருந்த பையன், "எட்டே போதும் சார், ரெண்டும் ஒரே கார்டுதான்" என்று ஆரம்பித்தான். சித்தி பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் பெட்டியின் பக்கவாட்டில் 16 என்று இருந்த ஸ்டிக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில்லில் வெறும் 9060 எக்ஸ்டி என்று அடித்திருந்தார்கள். பக்கத்தில் பேனாவால் 16 ஜிபி என்று எழுதி சீல் வைக்கச் சொன்னேன். கவுண்டர் பையன் சிரித்துவிட்டு எழுதினான்.