மறு: ‘திட்டமிட்ட செல் இறப்பு’ – ‘தன்மடிவு’ என்று ஆளலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உடலின் தேவைக்காகச் செல்கள் தாமே இறக்கும் நிகழ்வைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று மயிலாடுதுறை ஆசிரியை எழுப்பிய கேள்வி, செல் கொள்கையைத் தமிழில் எழுத முனையும் எவரும் கடந்தாக வேண்டிய ஒன்று. செல்லே உயிரின் அடிப்படை அலகு என்று 1838இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839இல் ஷ்வான் விலங்குகளுக்கும் கூறினார்கள். எந்தச் செல்லும் முன்பிருந்த செல்லிலிருந்தே பிறக்கிறது என்பதை 1855இல் விர்கோ வலியுறுத்தினார். இவை செல்லின் இருப்பையும் பிறப்பையும் பேசுகின்றனவே ஒழிய, அதன் சாவைப் பேசவில்லை. எனினும் ஓர் உடல் உருப்பெறுவதற்கே அதன் செல்களில் ஒரு பகுதி உரிய இடத்தில், உரிய காலத்தில் இறந்தாக வேண்டும். பாடநூல்கள் இதனைத் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்கின்றன. அது விளக்கத் தொடர், கலைச்சொல் அன்று. இந்நிகழ்வைத் தூண்டும் பொருளையும் தடுக்கும் பொருளையும் அதற்குரிய மரபணுவையும் குறிக்க வேண்டிய இடத்தில், அத்தொடரின் மேல் மற்றொரு தொடரை ஏற்றிக்கொண்டே போக நேர்கிறது. மேலும், திட்டமிடுதல் என்றால் எண்ணமுடைய ஒருவர் வேண்டும். செல்லுக்குள் அப்படி ஒருவரும் இல்லை. சில இதழ்கள் எழுதும் ‘செல் தற்கொலை’ என்பதில் இக்குறை இன்னும் பெரிதாகிறது. அதை நான் பரிசீலிக்கவே விரும்பவில்லை.

கும்பகோணத்துத் தமிழாசிரியர் ஐயா முன்வைத்த ‘செல்லுதிர்வு’ அழகான சொல். 1972இல் கெர், வில்லி, கர்ரி ஆகிய மூவரும் இவ்விறப்பின் ஒரு வகைக்கு ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டபோது, இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆயினும் நாமும் அதே உருவகத்தைச் சுமக்க வேண்டியதில்லை. முதலாவதாக, இலை உதிர்தல் என்பது தாவர உடலியலில் தனியொரு நிகழ்வு; காம்பின் அடியில் பிரிபடலம் உருவாகி இலை விடுபடுவதற்கு அச்சொல் ஏற்கெனவே வழங்கி வருகிறது. இரண்டாவதாக, ஆற்றில் தண்ணீர் வந்தபின் நம் வாய்க்கால்களிலும் நாற்றங்கால்களிலும் நெளியும் தலைப்பிரட்டைகளைப் பாருங்கள். தைராய்டு இயக்குநீரின் தூண்டலால் வாலின் செல்கள் மடிய மடிய, வால் நாளடைவில் குறுகி உடலோடு கரைந்துபோகிறதே தவிர, அறுந்து விழுவதில்லை. அதை உதிர்வு என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் உதிர்ந்த வாலைத் தேடுவார்கள்.

சிதம்பரத்து நண்பர் கூறிய ‘ஒடுக்கம்’ பொருளளவில் இன்னும் நெருக்கமானது. அப்போப்டோசிஸில் செல் உப்பி வெடிப்பதில்லை. சுருங்கி, உட்கரு துண்டுபட்டு, சவ்வு சூழ்ந்த சிறு பொதிகளாகப் பிரிந்து, அண்டைச் செல்களால் விழுங்கப்படுகிறது. தோன்றிய இடத்திலேயே ஒடுங்குதல் என்னும் சைவ சித்தாந்த வழக்கும் நம் பகுதியில் காதுக்குப் பழகியது. தடை வேதியியலிலிருந்து வருகிறது. ஆக்ஸிஜனேற்றத்திற்கு எதிரான வினையைத் தமிழகப் பாடநூல்கள் ‘ஒடுக்கம்’ என்கின்றன. இலங்கையிலோ குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவுக்கு ‘ஒடுக்கற்பிரிவு’ என்று பெயர். ஒரே சொல் மூன்று பொருளில் வழங்கும்படி விட்டுவிடக் கூடாது.

என் பரிந்துரை ‘தன்மடிவு’. காரணத்தை நெல்வேரைக் கொண்டு விளக்குகிறேன்; விலங்குகளை மட்டும் நோக்கி ஆக்கிய சொல் நம் வயலில் நிற்காது என்பது என் எண்ணம். நீர் கட்டிய வயலின் சேற்றில் உயிர்வளி (ஆக்ஸிஜன்) விரைவில் தீர்ந்துவிடுகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், மேலிருந்து அது வந்து ஈடுசெய்யவும் முடிவதில்லை. ஆனாலும் நெல்வேர் மூச்சு முட்டிச் சாவதில்லை. வேரின் புறணியில் உள்ள செல்கள் வரிசை வரிசையாக இறந்து, தண்டிலிருந்து வேர்நுனியை நோக்கிக் காற்று செல்லும் வழிகளைத் திறந்துவிடுகின்றன. நடுவிலுள்ள கடத்துதிசுவும் வெளி அடுக்குகளும் பிழைத்திருக்க, இடைப்பட்டவை மட்டும் இறக்கின்றன. நெல்லில் ஓரளவு இயல்பாகவே நடக்கும் இந்நிகழ்வு, நீர் சூழும்போது வேருக்குள் தேங்கும் எத்திலீன் என்னும் வளியால் மிகுகிறது. அவ்வழியாக இறங்கும் உயிர்வளியில் ஒரு பங்கு வெளியே கசிந்து, மண்ணிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் படியவைக்கிறது. பிடுங்கிய பயிரின் வேர் செம்பழுப்பாக இருப்பது இதனால்தான்.

இங்கே இறந்த செல், இறந்தபின் பயன்படுகிறது. சைலக் குழாய்களும் அவ்வாறே: உள்ளீடு அழிந்து சுவர் மட்டும் எஞ்சிய பிறகே அவை நீரைக் கடத்துகின்றன. மண்ணிலுள்ள நஞ்சால் வேர் அழுகும்போதும் செல்கள் சாகின்றன, அது வேறு. முன்னதில் சாவுக்கான ஆணை அந்தச் செல்லின் மரபணுக்களிலிருந்தே பிறக்கிறது; பின்னதில் வெளியிலிருந்து வரும் கேடு செல்லைக் கொல்கிறது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவில் தோன்றும் 1,090 உடற்செல்களில் 131 செல்கள் தவறாமல் இறப்பதையும், உரிய மரபணு பழுதுபட்டால் அவை பிழைத்துக்கொள்வதையும் காட்டிய ஆய்வுகளுக்காகவே 2002இன் நோபல் பரிசு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்குச் சென்றது. ஆகவே கலைச்சொல் தாங்க வேண்டிய முதன்மைப் பொருள், ஆணை செல்லினுடையது என்பதே. ‘மடிதல்’ என்பது பெரும்பாலும் போரிலும் பஞ்சத்திலும் சாவதைச் சொல்லப் பயன்படுவதால், ‘தன்’ என்னும் முன்னொட்டு இல்லாமல் அது இங்குப் பொருந்தாது.

இச்சொல்லிலிருந்து தன்மடிவுத் தூண்டி, தன்மடிவுத் தடுப்பி, தன்மடிவு மரபணு, தன்மடிவுற்ற செல் எனத் தடையின்றிக் கிளைக்க முடிகிறது. கேட்டினால் நிகழும் சாவுக்கு ‘நசிவு’ இருக்கட்டும். புரதச் சங்கிலி மடங்கி உருப்பெறுவதைக் குறிக்கும் ‘புரதம் மடிதல்’ என்பதோடு குழம்பாதா என்று திருவாரூர் அம்மா கேட்டிருந்தார்கள். அதற்கு ‘மடிப்பு’ என்றும் இதற்கு ‘மடிவு’ என்றும் பெயர்ச்சொற்கள் வேறுபடுவதால் பெரிய இடர் இல்லை. ‘மடிந்த’ என்னும் பெயரெச்சத்தில் மட்டும் எழுதுவோர் கவனமாக இருக்க வேண்டும். செல் என்பதா, உயிரணு என்பதா, இலங்கை வழக்கான கலம் என்பதா என்ற பழைய வழக்கை இம்மடலில் திறக்கவில்லை. மருத்துவமனைகளில் ‘உயிரணு’ என்றாலே விந்தணு என்று கொள்ளும் நிலையில், நான் செல் என்றே எழுதுகிறேன். ‘தன்மடிவு’ இவற்றில் எதனோடும் சேர்ந்து நிற்கும்.

தீராத ஒன்று உண்டு. அப்போப்டோசிஸ் தன்மடிவின் ஒரு வகை மட்டுமே என்பதால், அதற்குச் ‘சுருங்குமடிவு’ என்னும் உட்பெயரைத் தரலாம். ஆனால் செல்சுவர் சூழ்ந்த தாவரச் செல்லை அண்டைச் செல் விழுங்க வழியில்லை. அங்கே பெரும்பாலும் செல்லுக்குள் சாறு நிறைந்த பையான நுண்குமிழின் சவ்வு கிழிந்து, அதிலுள்ள நொதிகள் செல்லின் உள்ளீட்டைக் கரைத்துவிடுகின்றன. இதைக் ‘கரைமடிவு’ எனலாமா என்று எண்ணினேன். ‘கரை’ என்றால் வாய்க்கால் கரை முதலில் நினைவுக்கு வருகிற ஊரில் இருந்துகொண்டு அதை முன்மொழியத் தயக்கமாக இருக்கிறது. தாவர உள்ளமைப்பியல் கற்பிப்போர் இந்த ஓர் உட்பெயருக்கு மட்டும் மாற்றுகளை அனுப்பினால், ஆசிரியை தம் பாடத்தின் வரைவில் தன்மடிவு, சுருங்குமடிவு, அந்த உட்பெயர் ஆகிய மூன்றையும் சேர்த்தே பயன்படுத்திப் பார்க்கலாம்.