தோள்பட்டை வழக்கில் அரசு ராஜிக்கு வருகிறது: வாங்கிக்கொள்வதா, தீர்ப்புக்குப் போவதா?

எடிசன்வாசி

நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மனைவிக்கு ஒரு ஃபார்மசியில் ஃப்ளூ ஊசி போட்டார்கள். போட்டவர் அவசரத்தில் தோள் எலும்புக்குப் பக்கத்திலேயே, ரொம்ப மேலே குத்திவிட்டார். அன்று இரவே வலி. ஊசி போட்ட வலிதானே, இரண்டு நாளில் போய்விடும் என்று இருந்துவிட்டோம். போகவில்லை. தலை பின்ன முடியாது, பின் கொக்கி மாட்ட முடியாது, சீட் பெல்ட்டை இழுக்க வலது கையைக் குறுக்கே கொண்டுவர வேண்டும். எம்.ஆர்.ஐ., கார்டிசோன் ஊசி, மாதக்கணக்கில் பிசியோதெரபி எல்லாம் ஆயிற்று. இப்போதும் கை முழுதாக மேலே போகாது.

மத்திய அரசின் தடுப்பூசிப் பாதிப்பு இழப்பீட்டுத் திட்டத்தில் மனு போட்டோம். இப்போது அரசு வக்கீல் ஒரு தொகை சொல்கிறார். எங்கள் வக்கீல் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். சிக்கல் என்னவென்றால், டாக்டரிடம் முதன்முதலில் போனதே இரண்டு மாதம் கழித்துத்தான். அவர் குறிப்பில் "சில வாரங்களாக வலி" என்று எழுதி வைத்திருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டுதான் பேரம்.

ஒப்பந்த வரைவில், தடுப்பூசியால் இந்தப் பாதிப்பு வந்தது என்பதை அரசு மறுக்கிறது என்று ஒரு வரி இருக்கிறது. என் மனைவி கேட்கிறாள்: "மறுக்கிறவர்கள் எதற்குப் பணம் தருகிறார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொங்குக்குசும்பு

கையெழுத்துப் போடாதீர்கள். இதுதான் அவர்கள் வழக்கம். இத்திட்டத்தில் இழப்பீடு பெற்றவற்றில் சுமார் 60 சதவீதம் இப்படி ராஜியில் முடிந்தவை என்று அரசே தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. இதுவரை கொடுத்த மொத்தத் தொகை 500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இவ்வளவையும் கொடுத்துவிட்டு, பாதிக்கு மேல் "நாங்கள் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். வாயை மூடக் கொடுக்கிற காசு, வேறென்ன?

கம்பவுண்டர்

நான் ஃபார்மசியில் வேலை செய்கிறவன், அதனால் ஒரு பக்கம் சாய்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

வாயை மூடுகிற காசு என்றால் ரகசியமாக இருக்க வேண்டும். இங்கே ராஜி ஆனாலும் முடிவு நீதிமன்ற இணையதளத்தில் ஏறும். யாருக்கு, எந்த ஊசிக்கு, எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 500 கோடியைச் சொன்னவர் அது 1988 முதல் இத்தனை வருடத்துக் கணக்கு என்பதையும் சொல்லியிருக்கலாம். விநியோகமான ஊசிகளோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் டோஸுக்குச் சுமார் ஒருவர் இழப்பீடு பெறுகிறார். இதுவும் அதே அரசுப் பக்கத்தில் இருக்கிற எண்தான். உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. எடிசன்வாசி சொல்வது மருந்து செய்த கேடாகத் தெரியவில்லை. ஊசி தசைக்குள் போகாமல், மேலே தோள்மூட்டை ஒட்டி இருக்கும் திரவப்பையில் போய் இறங்கிய விவகாரம். குத்தின இடம் தப்பு.

கொங்குக்குசும்பு

> குத்தின இடம் தப்பு

அப்படியானால் குத்தியவர் கடை கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்காது. 1986 சட்டப்படி நேராகக் கடை மேலேயோ கம்பெனி மேலேயோ போக முடியாது, முதலில் இந்தத் திட்டத்துக்குத்தான் வர வேண்டும். பணமும் கம்பெனி பையிலிருந்து வருவதில்லை. ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி வைத்து, நாமே கட்டி, நாமே வாங்கிக்கொள்கிறோம். எம்.எம்.ஆர். என்றால் மூன்று நோய், ஆகவே 2.25 டாலர். 2011ல் புரூஸ்விட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊசியின் வடிவமைப்பே குறை என்று சொல்லிக் கம்பெனி மேல் வழக்குப் போட முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது. தப்பு செய்தவன் எங்கேயோ இருக்கிறான், வரி கட்டுகிறவன் நஷ்டஈடு தருகிறான், அதிலும் "மறுக்கிறோம்" என்று ஒரு வரி. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கம்பவுண்டர் காட்டட்டும்.

வாய்தா

இந்தத் திட்ட வழக்குகள் எடுக்கும் ஒரு சட்ட அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். வக்கீல் இல்லை, ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1980களின் தொடக்கத்தில் டி.டி.பி. (தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான்) ஊசி மேல் வழக்குகள் குவிந்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன, ஊசிக்குத் தட்டுப்பாடு வந்தது. அதைச் சமாளிக்கப் போட்ட சட்டம் இது. கம்பெனிக்கு அடைக்கலம் கொடுத்தார்கள், உண்மைதான். பதிலுக்குப் பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். ஜூரி கிடையாது, இந்த வழக்குகளுக்கென்றே இருக்கும் ஸ்பெஷல் மாஸ்டர் ஒருவர் நீதிபதி போலக் கேட்பார். வக்கீல் கூலி உங்கள் பணத்தில் பிடிக்க முடியாது, திட்டமே தனியாகக் கொடுக்கும். நல்லெண்ணத்தோடு, போதிய அடிப்படையோடு போட்ட மனு என்றால் தோற்றாலும் கொடுக்கும். சாதாரண விபத்து வழக்கில் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மோசமான பக்கமும் உண்டு. வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986ல் வைத்தது, விலைவாசி எங்கேயோ போய்விட்டது, அது அங்கேயே நிற்கிறது.

இப்போது தோள்பட்டைக்கு வருகிறேன். எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு வரும் என்று திட்டம் வைத்திருக்கும் அட்டவணையில் 2017ல்தான் இதைச் சேர்த்தார்கள். முன்பு அந்தத் தோளில் கோளாறு இருந்திருக்கக் கூடாது, வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஊசி போட்ட தோளோடு நிற்க வேண்டும், வேறு காரணம் இருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவும் வேண்டும். இத்தனையும் பொருந்தினால் ஊசிதான் காரணம் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பொருந்துகிறது என்று அரசே ஏற்றால் தொகை பற்றி மட்டும் பேச்சு. ஏற்காவிட்டால், ஆனாலும் வழக்கில் தோற்கும் அபாயம் தெரிந்தால், ராஜிக்கு வருவார்கள். உங்கள் மனைவியின் கேள்விக்குப் பதில் இதுதான். இரண்டு பக்கமும் தோற்கலாம் என்று பயப்படுகிறது, நடுவில் ஒரு தொகையில் நிற்கிறது.

கம்பவுண்டர்

அதைத்தான் நானும் சொல்கிறேன். ராஜியை எடுத்துக்கொண்டு "பார், அரசே ஒப்புக்கொண்டது" என்று வாட்ஸப்பில் சுற்றவிடுகிறார்கள். ஆட்டிசம் வழக்குகளில் இப்படித்தான் நடந்தது. 2008ல் ஜார்ஜியா சிறுமி ஒருத்திக்கு, ஏற்கெனவே இருந்த மைட்டோகாண்ட்ரியா கோளாறு ஊசியால் மோசமானது என்று அரசு இழப்பீடு ஏற்றது வெளியே வந்ததும், ஊசியால் ஆட்டிசம் என்று அரசு ஒப்புக்கொண்டதாகவே பரப்பினார்கள். அதற்கு அடுத்த வருடமே, 2009ல், மூன்று முன்மாதிரி வழக்குகளில் ஸ்பெஷல் மாஸ்டர்கள் சாட்சியத்தை முழுதாகக் கேட்டு, தொடர்பு இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

அந்த மறுப்பு வரி அதற்குத்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்குப் பணம் கொடுப்பதற்கும், இந்த ஊசி இதைச் செய்யும் என்று நாட்டுக்கே அறிவிப்பதற்கும் வித்தியாசம் வேண்டாமா?

கொங்குக்குசும்பு

நான் ஆட்டிசம் பேசவில்லை, என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். தோள்பட்டை பற்றித்தான் பேசுகிறோம். அதில் அரசின் யோக்கியதை என்ன? 2021 ஜனவரியில், ஆட்சி மாறும் நேரத்தில், தோள்பட்டைக் காயத்தை அட்டவணையிலிருந்தே தூக்க விதி போட்டார்கள். புது ஆட்சி ஏப்ரலில் அதை ரத்து செய்தது. நடுவில் அது நின்றிருந்தால் எடிசன்வாசியின் மனைவி மருத்துவ நிபுணரைக் கூட்டிவந்து ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டிருப்பார். அதைத் தூக்குவதற்கு அப்போது அரசு என்ன காரணம் சொன்னது? "அது மருந்தின் தவறில்லை, குத்தினவர் தவறு." இப்போது கம்பவுண்டர் சொல்கிற அதே வாதம்.

கம்பவுண்டர்

அட்டவணையிலிருந்து தூக்கச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. குத்தியவன் தவறுக்கும் இத்திட்டமே கொடுக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை வைத்து ஊசி ஆபத்து என்று கணக்குக் காட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

போரூர்க்காரன்

சென்னையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சண்டையைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. 2020ல் இங்கே கோவிஷீல்டு சோதனையில் சேர்ந்த ஒருவர், தனக்கு மூளை பாதிக்கப்பட்டது என்று 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் விட்டார். அதைத் தயாரித்த சீரம் நிறுவனம் என்ன செய்தது? ஊசிக்கும் அவர் உடல்நிலைக்கும் தொடர்பே இல்லை, எங்கள் பெயரைக் கெடுக்கிறார் என்று சொல்லி, 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றது. யார் பக்கம் உண்மை என்பது வேறு விஷயம். நஷ்டஈடு கேட்டவனுக்கு வந்த முதல் பதில் அது.

அவராவது சோதனையில் சேர்ந்தவர், அதற்கென்று 2019 விதிகளில் இழப்பீடு இருக்கிறது. வரிசையில் நின்று போட்டுக்கொண்டவர்களுக்கு? கோவிட் ஊசிக்குப் பின் இறந்துபோன இரண்டு பெண்களின் பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனபோது, 2022 நவம்பரில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் சொன்னது: அரசு நேரடிப் பொறுப்பாகாது, வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள். சிவில் கோர்ட்டுக்கு! கொடுக்கிறார்கள் என்றால் வாங்கிக்கொண்டு நகருங்கள் அண்ணே.

லீட்ஸ்தமிழன்

பிரிட்டனிலும் ஒரு திட்டம் இருக்கிறது. 1,20,000 பவுண்டு, ஒரே தொகை. ஆனால் 60 சதவீத ஊனம் இருக்க வேண்டும். தலை பின்ன முடியாத தோளுக்கு ஒரு பென்னி வராது.

கொங்குக்குசும்பு

பக்கத்து வீட்டில் சோறே இல்லை என்பதற்காக நம் வீட்டு ஊசிப்போன சோற்றைத் தின்ன வேண்டுமா? அமெரிக்காவிலேயே கோவிட் ஊசிக்கு இந்தத் திட்டம் இல்லை, தெரியுமா? அதற்கு வேறொரு ஏற்பாடு. ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் கேட்க வேண்டும், கோர்ட் கிடையாது, வக்கீல் கூலியும் கிடையாது. அதோடு ஒப்பிட்டால் எதுவுமே சொர்க்கம்தான்.

எடிசன்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊசிக்கு எதிரிகள் இல்லை. அவளுக்கு அடுத்த வருட ஃப்ளூ ஊசியும் போட்டாயிற்று, வேறு கையில். தொகை குறைவு என்பதும் அவளுடைய வருத்தம் இல்லை. "அன்று ராத்திரியே வலித்தது என்று நான் சொன்னதை இவர்கள் பொய் என்கிறார்களா?" என்பதுதான் அவள் கேள்வி. டாக்டர் எழுதின அந்த ஒற்றை வரியால் அவள் சொல் எடுபடாமல் போகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா வாய்தா சார்?

வாய்தா

உண்டு. மருத்துவக் குறிப்பில் விட்டுப்போயிருந்தாலும், தவறாக எழுதியிருந்தாலும், முதல் அறிகுறி குறித்த கெடுவுக்குள் வந்தது என்று ஸ்பெஷல் மாஸ்டர் முடிவு செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அவள் சொன்னாள், நான் பார்த்தேன் என்பது மட்டும் போதாது. அந்த வாரத்தில் எழுந்த எதுவாக இருந்தாலும் தேடுங்கள். மேலாளருக்கு அனுப்பிய மெயில், வலி மாத்திரை வாங்கிய ரசீது, ஜிம்மை நிறுத்தியது, இப்படி.

எடிசன்வாசி

தேடினோம். ஊசி போட்ட மறுநாள் காலை காரைக்குடியில் இருக்கும் அவள் அம்மாவுக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். "கையத் தூக்கவே முடியலம்மா, நேத்து போட்ட ஊசி, ராத்திரி பூரா தூங்கல." அம்மா பதிலுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தேதியும் நேரமும் அப்படியே இருக்கின்றன. வக்கீலிடம் இதைப் பற்றிச் சொல்லவே தோன்றவில்லை, தமிழில் பேசியது கோர்ட்டில் எடுபடும் என்று நினைக்கவில்லை.

வாய்தா

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டாமா! சான்றோடு மொழிபெயர்த்து, இருவரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஃபோனை மாற்றிவிடாதீர்கள், அசல் செய்தி அதிலேயே இருக்கட்டும்.

கொங்குக்குசும்பு

பார்த்தீர்களா? இதை வைத்துக்கொண்டு ராஜியா? வலி எப்போது தொடங்கியது என்பதற்கு மட்டும் முதலில் தீர்ப்புக் கேளுங்கள். அது உங்கள் பக்கம் வந்தால் மறுப்பு வரி தானே போய்விடும்.

கம்பவுண்டர்

எனக்கு உடன்பாடில்லை. கையில் வந்த தொகையை விட்டுவிட்டு ஒரு வரிக்காக இன்னும் எத்தனை காலம்? தீர்ப்பு எதிராகப் போனால் தொகையும் போய்விடும். வாட்ஸப்பைக் காட்டித் தொகையை ஏற்றி வாங்குங்கள், போதும். தொடக்கத்தில் அரசு பேரம் பேசியதே அந்தச் சான்று இல்லை என்ற தைரியத்தில்தானே?

கொங்குக்குசும்பு

தொகை அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா?

எடிசன்வாசி

மனைவியிடம் இரண்டு பேர் பதிலையும் படித்துக் காட்டினேன். கம்பவுண்டர் சொல்வது விவரமான பேச்சு என்று ஒப்புக்கொண்டாள். ஆனாலும் முதலில் தீர்ப்புக் கேட்கலாம் என்கிறாள். வக்கீலுக்கு எழுதியாயிற்று. இந்த வாரமே செய்தியைக் கொடுத்து, அரசு தன் நிலையை மாற்றிக்கொள்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையென்றால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் முடிவு கேட்கிறேன் என்கிறார். ராஜித் தொகை அதற்குள் கைவிட்டுப் போகலாம் என்று எச்சரித்தும் இருக்கிறார்.

கடைசியாக ஒரு சந்தேகம். எப்படி முடிந்தாலும் பெயர் இணையத்தில் வருமா? அவள் ஆஃபீஸில் யாருக்கும் தெரியாது.

வாய்தா

வரும். முடிவு வெளியான 14 நாளுக்குள் மனு கொடுத்தால் மருத்துவ விவரங்களை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம். பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும் போட்டு வந்த முடிவுகளும் உண்டு, ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள், காரணம் காட்ட வேண்டும். 14 நாள் தாண்டிவிட்டால் அப்படியே ஏறிவிடும். வக்கீலிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.