லாரி வந்து எடுத்தும் செப்டிக் டேங்க் சரியாகவில்லை, அவசரம்

முடிச்சூர்வாசி (நவம்பர் 19, காலை 6:52)
வணக்கம். டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை. ஃபிளஷ் செய்தால் கோப்பை விளிம்பு வரை ஏறி நிற்கிறது. லாரி வரவழைத்துச் சுத்தம் செய்தும் மறுபடி அதே நிலைதான். பாதிதான் எடுத்துவிட்டுப் போய்விட்டார்களா? வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

கொத்தனார்_மகன் (7:10)
லாரி எப்போது வந்தது? டேங்க் என்ன அளவு? டேங்கிலிருந்து வழியும் நீர் மண்ணில் இறங்கும் குழி, அதாவது சோக் பிட், இருக்கிறதா? மாடி டாய்லெட்டிலும் இப்படியா, கீழே மட்டுமா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

பசுமை_வீடு (7:21)
லாரி எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டால் நுண்ணுயிரும் போய்விடும். இரண்டு கூடை பசுஞ்சாணத்தைக் கரைத்து, அரை கிலோ வெல்லம் சேர்த்து ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் ஏழு வருடமாக இப்படித்தான், லாரியே கூப்பிட்டதில்லை.

ராஜகீழ்ப்பாக்கம்_சேகர் (7:40)
முதலில் டேங்கின் வாயு வெளியேறும் ஏர் பைப்பைப் பாருங்கள். மேலே கட்டிய கொசுவலை தூசியில் அடைத்திருக்கும். காற்று வெளியேறாவிட்டால் தண்ணீர் சரியாக இறங்காது. சில வீடுகளில் இதுதான் காரணம்.

பழைய_பொறியாளர் (8:05)
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்க வேண்டும். கசடு அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த நீர் அவுட்லெட் என்ற வெளியேறும் குழாய் வழியாக சோக் பிட்டுக்குப் போகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்குப் போட்டால், காலி செய்த டேங்க் நாலைந்து நாளில் நிரம்பிவிடும். அதைப் பார்த்து லாரிக்காரரைத் திட்டுவது அறியாமை. சாணம் ஊற்றுவதும் அப்படித்தான். மனிதக் கழிவிலேயே தேவைக்கு மேல் நுண்ணுயிர் இருக்கிறது. சாணத்தால் கசடுதான் கூடும்.

பசுமை_வீடு (8:11)
ஏழு வருட அனுபவத்தை அறியாமை என்கிறீர்களே.

பழைய_பொறியாளர் (8:19)
ஏழு வருடமாக எடுக்காத கசடு மெல்ல மெல்ல உங்கள் சோக் பிட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பதுதான் முறை.

முடிச்சூர்வாசி (9:30)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லாரி வந்தது நேற்று மாலை ஆறு மணிக்கு. காலையில் மூடியைத் திறந்தால் பழையபடி நிரம்பியிருக்கிறது. டேங்க் 6க்கு 4, ஆழம் 5 அடி. பின்பக்கம் உறை இறக்கிய சோக் பிட் இருக்கிறது. ஐந்து பேர். மாடியில் இறங்குகிறது, கீழேதான் பிரச்சனை.

கொத்தனார்_மகன் (9:44)
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்! 6×4×5 என்றால் 120 கன அடி, ஏறக்குறைய 3,400 லிட்டர். ஐந்து பேர் ஒரே ராத்திரியில் அவ்வளவு புழங்க முடியாது. வெளியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. உங்கள் பக்கம் தொடர் மழையா?

முடிச்சூர்வாசி (9:50)
பத்து நாளாக மழை. பக்கத்துக் காலி மனையில் முழங்கால் அளவு தண்ணீர்.

வேளச்சேரி_அக்கா (10:15)
தம்பி, எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் இதே பாடுதான். நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் சோக் பிட் எதையும் உறிஞ்சாது. அதிலிருக்கும் தண்ணீர் அவுட்லெட் குழாய் வழியாகவே டேங்குக்குத் திரும்பும். டேங்க் உள்பக்கம் சரியாகப் பூசாமல் விட்டிருந்தால் சுவர், அடித்தளம் வழியாகவும் ஊறும். நாங்கள் ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை லாரி கூப்பிட்டோம். போட்ட பணம் அத்தனையும் வீண். மழை விடும்வரை வாஷிங் மெஷின் தண்ணீரையும் குளியல் தண்ணீரையும் இந்த டேங்கில் விடாதீர்கள். அம்மாவுக்கு மாடி டாய்லெட்டைக் கொடுங்கள், ஏற முடிந்தால்.

ராஜகீழ்ப்பாக்கம்_சேகர் (10:32)
எதற்கும் ஒரு ஆளை டேங்குக்குள் இறக்கி, எங்கே ஊறுகிறது என்று பார்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் ஆட்கள் கிடைப்பார்கள். மெழுகுவர்த்தி கொளுத்தி இறக்கினால் காற்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வேளச்சேரி_அக்கா (10:36)
சேகர், தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். யாராவது படித்துவிட்டுச் செய்துவிடுவார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம்_சேகர் (10:41)
காலம் காலமாக நடப்பதுதானே. காலி செய்த டேங்கில் என்ன ஆபத்து?

பழைய_பொறியாளர் (10:58)
காலி டேங்கிலும் சாவு நடக்கிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு இருக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாடை தெரியாது, ஆள் அப்படியே சாய்வார். அவரைத் தூக்க இறங்குபவரும் சாய்வார். மீத்தேனும் இருப்பதால் மெழுகுவர்த்தி வெடிக்கவே வைக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை. இறங்கச் சொன்ன வீட்டுக்காரரையும் அது விடாது.

ராஜகீழ்ப்பாக்கம்_சேகர் (11:06)
அப்படியென்றால் அடைப்பு எடுக்க ஆளே வேண்டாமா? எல்லா வீட்டிலும் இயந்திரம் நுழையுமா?

கொத்தனார்_மகன் (11:15)
நுழையாவிட்டால் குழாயை நீட்ட வேண்டும், ஆளை இறக்கக் கூடாது. என் அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர் இப்படித்தான் போனார். இதில் விவாதம் வேண்டாம். கழிவகற்றல் உதவி எண் 14420க்கு அழைத்தால் லாரிக்கு வழி சொல்வார்கள்.

முடிச்சூர்வாசி, ஒன்று செய்யுங்கள். லாரி வரும்போது பாதி மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, தலையை நுழைக்காமல் தள்ளி நின்று டார்ச் அடித்து அவுட்லெட் வாயைப் பாருங்கள். அங்கிருந்து கொட்டினால் சோக் பிட் திரும்புகிறது. கொட்டாமலே மட்டம் ஏறினால் சுவரில் ஊறுகிறது. முழுதாகக் காலி செய்யாதீர்கள். வெளியே நீரழுத்தம் இருக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அடித்தளம் விரிசல் விடும்.

பழைய_பொறியாளர் (11:31)
ஒரு ராத்திரி என்று முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். போர்வெல் சோக் பிட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது?

முடிச்சூர்வாசி (நவம்பர் 23, இரவு 9:14)
அவுட்லெட் வழியாகத்தான் திரும்புகிறது, கண்ணால் பார்த்தோம். குளியல் தண்ணீரை வேறு பக்கம் திருப்பியிருக்கிறோம். அம்மா என் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். தை பிறந்ததும் மேஸ்திரி சோக் பிட்டை மேடான இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். எல்லோருக்கும் நன்றி.

பழைய_பொறியாளர் (9:40)
போர்வெல் தூரம் கேட்டேன், சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தால் சோக் பிட் நீர் அதில் கலந்திருக்கலாம். தெரியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். கேன் தண்ணீர் வாங்குங்கள்.